கீழே நிற்பவருக்கு யார் பொறுப்பு?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொடைக்கானலுக்குப் போனவர்கள் தூண் பாறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. மூன்று கருங்கல் தூண்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். உயரம் 122 மீட்டர், அடிக்கணக்கில் 400. இந்திய ட்ரோன் விதிகளில் முன் அனுமதி கேட்காமல் பறக்கலாம் என்று விட்டிருக்கும் பச்சை மண்டலத்தின் உச்சவரம்பும் இதே 400 அடிதான். சட்டம் எழுதியவர்கள் தூண் பாறையை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த உயரம் எவ்வளவு என்று கண்ணால் அறிய விரும்புகிறவர், பாறையின் அடியிலிருந்து உச்சிவரை பார்வையை ஒருமுறை ஓட்டினால் போதும். அந்த உச்சியிலிருந்து ஒரு பொருள் நழுவி விழுந்தால் கீழே நிற்பவர் கதி என்ன? இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கீழே நிற்பவரைப் பற்றியதுதான்.

பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிடுகிறவர்களைக் கூண்டில் ஏற்றுவது நோக்கமல்ல. பலர் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கியவர்கள். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களை மேலிருந்து பார்க்க வேண்டும், தலையாற்று அருவி 297 மீட்டர் நீளத்துக்கு எலிவால் போலத் தொங்குவதைப் படம்பிடிக்க வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரக்கூடியது. ஆனால் அவர்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “இது சின்ன ட்ரோன் சார், இதுக்கெல்லாம் தேவையில்லை.” சட்டத்தின் எழுத்துப்படி இந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

எழுத்தை முதலில் பார்த்துவிடலாம். 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தடை போட்டது. 2018 டிசம்பரில் முதல் ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. பிறகு 2021 ஆகஸ்டில் வந்தவைதான் இன்றும் நடப்பில் இருக்கும் ட்ரோன் விதிகள். எடை 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை ஸ்மால். அதன் பிறகு பெரியவை. 44ஆம் விதி காப்பீட்டைப் பற்றியது. ட்ரோனால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தேவையான மாற்றங்களுடன் பொருந்தும் என்கிறது அந்த விதி. ஊர்ப்பேச்சில் சொன்னால், பைக்குக்கும் காருக்கும் எடுக்கிற ‘தேர்டு பார்ட்டி’ இனி ட்ரோனுக்கும் உண்டு. இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு: நானோ ட்ரோன் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமலே பறக்கலாம்.

சந்தையில் விற்கும் சிறிய கேமரா ட்ரோன்கள் ஏன் சரியாக 249 கிராம் இருக்கின்றன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பல நாடுகளின் சட்டங்கள் 250 கிராமில் கோடு போட்டதால், தயாரிப்பாளர்கள் ஒரு கிராம் குறைத்துச் செய்கிறார்கள். ஆனால் சட்டம் பார்ப்பது பெட்டியில் அச்சிட்ட எடையை அல்ல, மேலே கிளம்பும்போது இருக்கும் மொத்த எடையை. இறக்கைகளுக்குக் காப்பு வளையம் மாட்டினால் எடை கூடும். அதிக நேரம் பறக்க வேண்டுமென்று டிஜேஐ மினி 3 ப்ரோ என்ற ட்ரோனில் பெரிய பேட்டரியைப் போட்டால், அது 290 கிராமைத் தொட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் அது நானோ இல்லை, மைக்ரோ. காப்பீடு கட்டாயம். விலக்கு இருக்கிறது என்று நம்பிப் பறக்கவிட்டவர், பேட்டரி மாற்றிய கையோடு விலக்குக்கு வெளியே வந்துவிடுகிறார். பாதுகாப்புக்காக வளையம் மாட்டிய நல்ல மனிதர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார் என்பது வருத்தம் தரும் விஷயம்.

சரி, எடை உண்மையிலேயே 249 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு எடுக்க வேண்டிய கடமையிலிருந்துதான் அவருக்கு விலக்கு. நட்டஈடு கொடுக்க வேண்டிய பொறுப்பிலிருந்து இல்லை. அவருடைய கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம்பட்டால், பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் அசட்டைச் செயல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் குற்றமாகவும் இருக்கிறது. கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். நானோ ட்ரோன் ஒன்றரைப் பந்து எடை. அதோடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் நான்கு ஜோடி விளிம்புகளும் சேர்ந்து வருகின்றன. இது ‘சின்ன’ விஷயம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரக்கூடாது.

2015இல் இங்கிலாந்தில் ஸ்டோர்போர்ட் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு முற்றத்தில் நடந்தது இது. பறக்கவிட்டவர் அனுபவசாலி, அந்தக் குடும்பத்தின் நண்பர். தரையிறக்கும் நேரத்தில் ட்ரோன் மரக்கிளையில் உரசித் திரும்பியது. முற்றத்தில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் கண்ணை இறக்கை கிழித்தது. ஒரு கண் போயிற்று. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, பறந்த நேரமும் சில நிமிடங்கள்கூட இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் சியாட்டிலில் ஊர்வலக் கூட்டத்தின் மேலே பறந்த ட்ரோன் கட்டடத்தில் மோதி விழுந்து ஒரு பெண்ணை நினைவிழக்கச் செய்தது. பறக்கவிட்டவருக்கு 2017இல் 30 நாள் சிறை. நம் நாட்டில் 2022 கிறிஸ்துமஸ் அன்று மருந்து சுமந்த ட்ரோன் ஒன்று டெல்லி மெட்ரோ பாதையில் விழுந்து ரயில்கள் நின்றன. அன்று யாருக்கும் காயமில்லை. ஆனால் வானத்திலிருந்து விழும் பொருள் எங்கே விழ வேண்டும் என்று தேர்ந்தெடுத்து விழுவதில்லை.

இனி மலைக்கு வருவோம். சமவெளியில் ஒழுங்காகப் பறக்கிற கருவி பழனி மலைத்தொடரில் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பது, காப்பீடு எடுக்கிறவரும் கொடுக்கிறவரும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் அதே எடையைத் தூக்க இறக்கைகள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். குளிர் அதை இன்னும் குறைக்கும். மதுரையில் அரை மணி நேரம் பறந்த பேட்டரியை நம்பி கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதையிலிருந்து அனுப்புகிறவர், திரும்பி வரும் வழியில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார். அங்கே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வரும் வேகம் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். இப்போது தெரிந்த மலை, தேநீர் குடித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் மட்டுமே பொழுதுபோக்கு ட்ரோனைப் பறக்கவிட வேண்டும் என்பது நெறி. பனி வந்த பிறகு அந்த நெறி தானாகவே மீறப்பட்டுவிடுகிறது.

இதைவிட நுட்பமான ஒன்று உயரக் கணக்கு. ரிமோட் திரையில் காட்டும் உயரம், பெரும்பாலான ட்ரோன்களில், கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான். சமவெளியில் இதற்கும் தரைமட்ட உயரத்துக்கும் வேறுபாடு இல்லை. கோக்கர்ஸ் வாக்கிலோ டால்ஃபின்ஸ் நோஸ் பாறையிலோ நிற்கிறவருடைய திரையில் ‘20 மீட்டர்’ என்று இருக்கும்; ட்ரோன் விளிம்பைத் தாண்டியதும் அதன் நேர்கீழே தரை பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் போயிருக்கும். பச்சை மண்டலத்தின் 120 மீட்டர் வரம்பு தரையிலிருந்து எண்ணப்படுவது. ஆக, திரையில் சொற்ப உயரம் காட்டும்போதே அவர் வரம்பைத் தாண்டி மஞ்சள் மண்டலத்துக்குள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டிய இடத்துக்குள், போய்விட்டார். இந்த ஒரு காரணத்தை வைத்தே காப்பீட்டு நிறுவனம் “சட்டத்துக்கு உட்பட்டுப் பறக்கவில்லை” என்று க்ளைமை மறுக்க முடியும். மலை விளிம்பில் ரிமோட்டைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டிய இடம் இது. எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. பள்ளத்திலிருந்து கிளப்பி, ‘வீட்டுக்குத் திரும்பு’ பொத்தானைத் தாழ்ந்த உயரத்தில் அமைத்து வைத்தால், ட்ரோன் நடுவில் இருக்கும் சரிவிலோ யூக்கலிப்டஸ் மரத்திலோ மோதிவிடக்கூடும்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாருங்கள். 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வெரி லெவிஞ்ச் ஓடையை அணைகட்டித் தேக்கி உண்டாக்கிய ஏரி. விடுமுறை நாளில் அந்த வட்டச் சாலையில் வாடகை சைக்கிள்களும் சவாரிக் குதிரைகளும் நெருக்கியடித்துப் போகும். குதிரைமேல் ஒரு குழந்தை, கயிற்றைப் பிடித்தபடி குதிரைக்காரர். தலைக்கு மேலே திடீரென்று ரீங்காரம். குதிரை மிரண்டு முன்கால் தூக்குகிறது, குழந்தை கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரோன் யாரையும் தொடவே இல்லை. இழப்பீடு யார் தருவது? காப்பீட்டுச் சட்டம் இங்கே கேட்கும் கேள்வி, விபத்துக்கு நெருங்கிய காரணம் எது என்பது. இடையில் வேறெதுவும் குறுக்கிட்டு முறிக்காமல் சங்கிலித் தொடராக ட்ரோனிலிருந்தே விளைவு வந்திருந்தால், பொறுப்பு ட்ரோனை விட்டவருடையது. பாலிசி இருந்தால் மூன்றாம் நபர் பகுதியிலிருந்து பணம் வரும். இல்லாவிட்டால் குழந்தையின் பெற்றோரும் அந்தக் குதிரைக்காரரும் வழக்கும் வாய்தாவுமாக அலைய வேண்டும். தினக்கூலிக்குக் குதிரை நடத்துகிறவர் எத்தனை வாய்தாவுக்குப் போவார்?

காட்டுமாடுகள் கொடைக்கானல் தெருக்களில் இறங்கி நடப்பது இப்போது அன்றாடக் காட்சி. அவற்றை மேலிருந்து துரத்திப் படம் எடுப்பது கூடவே கூடாது. வனவிலங்கைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தடைசெய்யப்பட்ட செயல். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பேரிஜம் ஏரிக்கு வண்டியில் போகவே வனத்துறை அனுமதி தேவை, ட்ரோனுக்குச் சொல்லவே வேண்டாம். கோடையில் புல்வெளி காய்ந்து கிடக்கும்போது மோதி விழுந்த ட்ரோனின் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சோலைக்காடு எரிந்துபோனால் அதற்கு ஈடாக எந்த பாலிசியும் எந்தத் தொகையும் தர முடியாது. இத்தகைய இடங்களில் செய்யத்தக்கது ஒன்றே: பையைத் திறக்காமல் இருப்பது.

பழனி அடிவாரமும் அப்படித்தான். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரையாக வந்து சேரும் கூட்டம் கிரிவீதி முழுக்க நிரம்பியிருக்கும். மேலே ரோப் கார் கம்பி. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகவே தடை. அத்தனை தலைகளுக்கு மேலே பறக்கவிட வேண்டிய அவசியம் பொழுதுபோக்குக்காரருக்கு இல்லை.

பறக்கத் தக்க இடத்தில் பறக்கிறவருக்குப் பாலிசி என்ன தரும்? இரண்டு பகுதிகள். ஒன்று, ட்ரோனுக்கு வரும் சேதம். மற்றொன்று, பிறருக்கு வரும் சேதம். வாங்குகிறவர்களின் கண் முதல் பகுதியில்தான் நிற்கிறது, ஏனென்றால் கையிலிருக்கும் பொருளின் விலை தெரியும். இரண்டாவது பகுதியின் விலை மருத்துவமனையில்தான் தெரியவரும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டாவதை எடுங்கள். உடைந்த ட்ரோன் உங்கள் நட்டம் மட்டுமே. உடைந்த மண்டை இன்னொருவர் குடும்பத்தின் நட்டம்.

முதல் பகுதியில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மலையில் ட்ரோன் பெரும்பாலும் உடைவதில்லை, காணாமல் போகிறது. பனிக்குள் நுழைந்தது, சிக்னல் போனது, அவ்வளவுதான். வட்டக்கானல் சரிவில் விழுந்ததை இறங்கி எடுக்க யாராலும் முடியாது. ஆனால் காரணம் தெரியாமல் மறைந்த பொருளுக்கு ஈடு கிடையாது என்ற நிபந்தனை இத்தகைய பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். சர்வேயர் பார்க்க உடைந்த பாகமாவது வேண்டும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பறந்த பாதை, உயரம், பேட்டரி அளவு எல்லாம் கைப்பேசிச் செயலியில் பதிவாகியிருக்கும். விபத்து நடந்த பதற்றத்தில் செயலியை அழித்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் அதை மெய்ப்பிக்கும் சாட்சி அதுதான்.

இந்தியாவில் 2020 முதல் ட்ரோன் பாலிசிகள் விற்பனைக்கு வந்தன. எச்டிஎஃப்சி எர்கோ முதலில் வந்தது. பிறகு ஐசிஐசிஐ லம்பார்டும் பஜாஜ் அலையன்ஸும் சேர்ந்தன. ஆனால் இவற்றின் அளவும் வெட்டும், வயலுக்கு மருந்து தெளிக்கிறவருக்கும், நிலம் அளக்கிறவருக்கும், கல்யாணப் படம் எடுக்கிறவருக்கும் ஏற்றவை. ஆண்டுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடுகிறவரை எண்ணித் தைத்த சட்டை எளிதில் கிடைப்பதில்லை. மோட்டார் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசு பிரீமியம் நிர்ணயிப்பதுபோல ட்ரோனுக்கு நிர்ணயம் இல்லை. நிறுவனம் சொல்வதே விலை.

மோட்டாரின் கதையை இங்கே நினைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு காலத்தில் கொடைக்கானலுக்குப் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும், ஆள் தூக்கும் நாற்காலியிலும் ஏறினார்கள். மோட்டார் வண்டி வந்தது. விபத்தும் கூடவே வந்தது. பிரிட்டனில் 1930இல் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. இந்தியாவில் 1939 சட்டம் அதை எழுதியது, 1946இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் சட்டம் வளர்ந்துகொண்டே வந்தது. ஓட்டுநர் உரிமத்தில் குறை என்று நிறுவனங்கள் கைவிரித்தபோது, 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்றது. நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற வழி அப்படி உறுதிப்பட்டது. 2019 திருத்தத்தில் வந்த 164ஆம் பிரிவு, யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் என்றது. 44ஆம் விதி இந்தச் சட்டத்தைத்தான் ட்ரோனுக்குக் கொண்டுவருகிறது. அப்படியானால் இந்த இரக்கமும் சேர்ந்து வர வேண்டும். உரிமையாளரின் குறைக்காகக் குதிரையிலிருந்து விழுந்த குழந்தையைத் தண்டிக்கக்கூடாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு கருத்துக் கேட்க வெளியிட்ட சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவு, இழப்பீட்டுக் கோரிக்கைகளை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கே அனுப்பலாம் என்கிறது. அது சட்டமாகும்போது நானோ விலக்கைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். ஜெர்மனியில் எடை எவ்வளவு குறைந்தாலும் ட்ரோனுக்குப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். அங்கே பொழுதுபோக்கு அழிந்துவிடவில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய மாதிரி விமானக் கழகத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தாலே 25 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு கூடவே கிடைக்கிறது. தனியாளுக்குக் கட்டுப்படியாகாத பிரீமியம் ஆயிரம் பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். குழுக் காப்பீடு நமக்குப் புதிதல்ல. கோவை, மதுரை, சென்னை என்று ஊர்தோறும் இருக்கும் ட்ரோன் ஆர்வலர்கள் ஒரு சங்கமாகப் பதிவுசெய்துகொண்டு ஒரு நிறுவனத்திடம் பேசினால் நடக்கும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும். வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் அதில் கேட்கிறார்கள். “ட்ரோன் கொண்டு வருகிறீர்களா?” என்று இன்னொரு கேள்வியைச் சேருங்கள். ஆம் என்று சொன்னவருக்கு, எங்கே பறக்கக்கூடாது, விளிம்பில் உயரக் கணக்கு எப்படி மாறும், மூன்றாம் நபர் காப்பீடு எங்கே கிடைக்கும் என்று தமிழில் ஒரு பக்கம் காட்டுங்கள். செலவு அதிகமில்லை.

இந்த அவையில் ட்ரோன் வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். வீட்டுக்குப் போனதும் சமையலறைத் தராசில் உங்கள் ட்ரோனை, பேட்டரியும் வளையமும் மெமரி கார்டும் மாட்டிய நிலையில், ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எண் 250ஐத் தாண்டினால் பாலிசி இல்லாமல் அதை மறுபடி மேலே அனுப்பாதீர்கள். தாண்டாவிட்டாலும், அடுத்த முறை கொடைக்கானல் பேருந்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மூன்றாம் நபர் காப்பீட்டை எடுத்து வையுங்கள்.